ஆய்வாளர்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிரிக்கெட் வீரர் ஓய்வு பெற்றால் நாளிதழ்களில் முழுப்பக்கம் வருகிறது. சரி, வரட்டும். மருத்துவ ஆய்வாளர் ஓய்வு பெற்றால் ஒரு பத்தியாவது போடக்கூடாதா?

டாக்டர் நிர்மலாவை எத்தனை பேருக்குத் தெரியும்? சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்தபோது அவர் செய்த ஆய்வில்தான், இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது 1986இல் முதன்முதலாகத் தெரியவந்தது. வழிகாட்டி டாக்டர் சுனிதி சாலமன். ரத்த மாதிரிகளைப் பாதுகாக்க இடமில்லாமல் வீட்டு ஃபிரிட்ஜிலேயே வைத்திருந்தார் நிர்மலா. சோதனை வசதியும் சென்னையில் இல்லை. ஐஸ் பெட்டியோடு, கணவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு இரவு ரயிலில் காட்பாடி போனார். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின; அவற்றில் எச்.ஐ.வி. இருப்பதற்கான அடையாளம் அது. அப்புறம் விஷயம் சட்டமன்றம் வரை போனது.

சுனிதி சாலமனுக்கு 2017இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் காலமானது 2015இல்! நிர்மலாவோ ஆய்வேட்டை முடித்துக் கொடுத்துவிட்டு, நோய்த்தடுப்பு மருத்துவ நிறுவனமான கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்து, சத்தமில்லாமல் ஓய்வு பெற்றார். 2016இல் பிபிசி எழுதிய பிறகுதான் நம்மில் பலருக்கு அவர் பெயரே தெரியும். உள்ளூர்ச் செய்தி லண்டன் சுற்றி வர வேண்டியிருக்கிறது.

மாதம் ஒருமுறை, மருத்துவத்திலோ தொழில்நுட்பத்திலோ உழைத்த ஒருவரைப் பற்றித் தங்கள் நாளிதழ் எழுதலாம். பேராசிரியர்கள் மட்டுமல்ல, ஆராய்ச்சி மாணவர்கள், லேப் டெக்னீஷியன்கள் பெயரும் வரட்டும். கிண்டியிலும் தரமணியிலும் உள்ள ஆய்வு நிறுவனங்களில் விசாரித்தாலே ஒரு வருடத்துக்கு ஆள் கிடைப்பார்கள்.

– ஒரு வாசகர், காஞ்சிபுரம்