வேமத்திலிருந்து அப்பாவுக்கு

வேமத், டார்செட், இங்கிலாந்து
மே மாதம், ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் சொல்லச் சொல்லத் தங்கச்சி எழுதிய கடிதம் கிடைத்தது. மாதக்கணக்கில் ஒரு வரிகூட இல்லையே என்று கேட்டிருந்தீர்கள். போனில் பேசினால் ஆளாளுக்கு வாங்கிப் பேசுவதில் எதையும் முழுசாகச் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் நன்றாக இருக்கிறேன். முதியோர் இல்லத்து வேலை நல்லபடியாகப் போகிறது. இரவு வேலை கொஞ்சம் கூடுதலாகக் கேட்டு வாங்கியிருக்கிறேன், பகல் காலியாகக் கிடைக்கிறது. குளிரைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம். மே மாதத்திலும் கிழக்குக் காற்று அடித்தால் விரல் மரத்துப் போகத்தான் செய்கிறது. ஆனால் வீட்டுக்குள் ரெண்டு கம்பளி இருந்தால் போதும், ஹீட்டரே போட வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு இப்போது சொல்கிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்கு ஒரே ஆசைதான். இந்தக் கரையோரத்தில் எத்தனை வகை மீன் உண்டோ அத்தனையிலும் ஒவ்வொன்றையாவது தூண்டிலில் பிடித்துவிட வேண்டும். பெரிய மீனா சின்ன மீனா என்று பார்ப்பதில்லை. நோட்டில் இல்லாத வகை கிடைத்தால் விரல் நீளம் இருந்தாலும் போதும், அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெயர், தேதி, இடம், என்ன இரை என்று எழுதி வைத்துவிட்டு மீனைத் திரும்பக் கடலில் விட்டுவிடுவார். இங்கே கடலில் தூண்டில் போட உரிமச் சீட்டு வேண்டாம், ஆற்றுக்குத்தான் வேண்டும். அதனால் நானும் கூடப் போகிறேன்.

துறைமுக வாயிலில் ஒரு கல் அணை இருக்கிறது. அங்கே அவர் தூரமாக வீசுவதே இல்லை. நெல்மணியை விடச் சின்னக் கொக்கி, அதில் புழுவின் ஒரு துணுக்கு. சுவரை ஒட்டியே நேராக இறக்குவார். கல் இடுக்கில் குடியிருக்கிற மீனுக்கு அவ்வளவு போதும். டாம்பாட் பிளென்னி என்று ஒன்று, கண்ணுக்கு மேல் கிளை விட்ட ரெண்டு கொம்போடு, பெரிய தலையைப் பொந்திலிருந்து நீட்டிப் பார்க்கும். கடல் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிப் பெட்டியில் விட்டு ரெண்டு பேரும் குனிந்து பார்ப்போம். உளுவை மீனில் மட்டுமே இங்கே பல வகை. முதல் முதுகுத் துடுப்பின் மேல் விளிம்பில் வெளிறிய பட்டை இருந்தால் அது பாறை உளுவை, இல்லாவிட்டால் கருப்பு உளுவையா என்று பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் அவர் நோட்டைத் திறக்க மாட்டார். நம் வீட்டில் மீன் என்றால் எடையும் ஏலமும்தானே அப்பா, ஒரு உளுவையை இத்தனை நேரம் பார்க்கலாம் என்று எனக்கு இங்கே வந்துதான் தெரிந்தது.

பாலன் ராஸ் என்று தடித்த உதட்டு மீன் ஒன்று. பிறக்கும்போது எல்லாமே பெண், பிறகு சில மட்டும் ஆணாக மாறுமாம். இருபது வருடத்துக்கு மேல் வாழும் என்பதால் அதைத் தண்ணீருக்கு வெளியே அதிக நேரம் வைத்திருக்க அவர் விடமாட்டார். மணல் கரையில் வீவர் என்று ஒன்று புதைந்து கிடக்கிறது. கருப்பாக இருக்கும் முதல் முதுகுத் துடுப்பில் விஷ முள். குத்தினால் பொறுக்கிற அளவு சுடுதண்ணீரில் கையை வைக்கச் சொல்கிறார்கள்.

அப்புறம் செசில் கடற்கரை. 18 மைல் நீளம், முழுக்கக் கூழாங்கல். மேற்கு முனையில் பட்டாணி அளவு, கிழக்கு முனையில் போர்ட்லேண்ட் பக்கம் வர வர உருளைக்கிழங்கு அளவு கல். அந்தக் காலத்தில் இருட்டில் கரை சேர்கிறவர்கள் கல்லைத் தடவிப் பார்த்தே எந்த இடம் என்று சொல்லிவிடுவார்களாம். இதைக் கேட்டதும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது.

போன வாரம் அங்கேதான் முரல் மாட்டியது. கானாங்கெளுத்திக்கு முன்னால் வசந்தத்தில் வந்துவிடும். தண்ணீருக்கு மேல் எழும்பி எழும்பித் துள்ளியது. பெரியவர் இதை எப்போதோ நோட்டில் எழுதிவிட்டார் என்பதால் எனக்கே கொடுத்தார். வீட்டில் அறுத்தேன். முள் பச்சை. நம்ம முரலுக்கும் அதே பச்சை முள்தானே அப்பா. அம்மா அதைப் பிரித்துக் கொடுப்பாள், நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து தூண்டில் நரம்பு சிக்கெடுப்பீர்கள். குழம்பு வைத்தேன், சாப்பிட முடியவில்லை. எந்த மீனைத் தூக்கினாலும் பெயர் சொல்கிற நீங்கள் பக்கத்தில் இருந்தால் எப்படி இருக்கும் என்று அந்த இரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே எல்லாவற்றையும் புத்தகம் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை இருக்கிறது, அதுவரை அண்ணனுக்குக் கையில் காசு இருக்காது, தெரியும். அதற்காகப் படகு எஞ்சினுக்கென்று வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுபோய் அடகு வைக்க வேண்டாம். அடகில் இருக்கும் அண்ணி நகைக்கு இப்போதைக்கு வட்டியை மட்டும் கட்டுங்கள். இந்த மாதப் பணம் பத்து நாள் தள்ளி வரும், சம்பளத் தேதி மாறியிருக்கிறது, வேறொன்றும் இல்லை. கண் ஆபரேஷனை மட்டும் எதற்காகவும் தள்ளிப் போடாதீர்கள். அக்கா பிள்ளையின் காதுகுத்துக்கு மாமன் சீரை என் பேரில் அண்ணன் செய்துவிடட்டும்.

தங்கச்சிக்கு வந்த வரனைப் பற்றி நல்லபடியாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் அந்தப் பத்தியில் மட்டும் அவள் கையெழுத்து வேறு மாதிரி இருக்கிறது, ரெண்டு இடத்தில் அடித்துத் திருத்தியிருக்கிறாள். அவளைக் கேட்டீர்களா அப்பா? நீங்கள் கேட்டால் தலையாட்டிவிடுவாள், அம்மாவைத் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். அவள் படிப்பை முடிக்கட்டும், அதுவரை பையன் வீட்டாருக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை நான் போன் செய்கிறேன், அவளே எடுக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் சின்னவன்