ரத்தம் நிறைய இருக்கிறது, இரும்புதான் இல்லை

கண்ணு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பின ரிப்போர்ட்டை ராத்திரி மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன். ஹீமாடோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்கிற கணக்கு, 52; ஃபெரிட்டின் 9. ரத்தம் நிறையத்தானே இருக்கு, அப்புறம் ஏன்பா மாடி ஏறினா மூச்சு வாங்குதுன்னு கேட்டாயே, பதில் அந்த 9-ல் இருக்கிறது. ஃபெரிட்டின் என்பது உடம்பு சேர்த்து வைத்திருக்கும் இரும்பைக் காட்டுகிற அளவு, 15-க்குக் கீழே போனால் இருப்பு காலி என்றுதான் அர்த்தம். இரும்பு ரத்தத்துக்கு மட்டும் இல்லை, தசைக்கும் வேணும்.

மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியில் ஆபரேஷன் ஆன அப்புறம் நீ போட்டுக்கொள்கிற டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் ஊசி, சிவப்பணுவை அதிகமாக உண்டாக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜையை முடுக்கும். கல்லீரலில் சுரக்கிற ஹெப்சிடின் என்கிற ஹார்மோன்தான் இரும்பைப் பூட்டி வைப்பது, அதையும் ஊசி குறைத்துவிடும். பூட்டுத் திறந்ததும் மஜ்ஜை இரும்பை அள்ளிக்கொள்ளும், இருப்பு இறங்கும். அதுவரைக்கும் சரி. ஆனால் நீ ஹீமாடோகிரிட் 53 வந்ததும் பயந்து, டாக்டரைக் கேட்காமல், ஒரு வருஷத்தில் நாலு தடவை ரத்ததான முகாமில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய். 54-ஐத் தாண்டினால்தான் ஊசியை நிறுத்தியோ குறைத்தோ பார்ப்பார்கள். 450 மில்லி ரத்தத்தோடு 200-லிருந்து 250 மில்லிகிராம் இரும்பு போகிறது, சாப்பாட்டில் நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான் உடம்பில் சேரும். கணக்குப் போட்டுப் பார். முகாமில் விரலைக் குத்தி ஹீமோகுளோபின் மட்டும் பார்ப்பார்கள், உனக்கு அது எப்பவும் தேறிவிடும். ரத்த வங்கியில் இருபத்தெட்டு வருஷம் இருந்த நான் இதை முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்லாமல் விட்டது மனசை அறுக்கிறது.

இப்போ நீயாகக் கடையில் இரும்பு மாத்திரை வாங்கிப் போட்டுவிடாதே. இரும்பு கிடைத்ததும் மஜ்ஜை மறுபடி வேகமெடுக்கும், ஹீமாடோகிரிட் ஏறும், நீ மறுபடி முகாமைத் தேடுவாய். இரண்டு எண்ணையும் டாக்டர் முன்னால் வை. ஊசி அளவைக் குறைத்து அடிக்கடி போடலாமா, தோலில் தடவுகிற ஜெல்லுக்கு மாறலாமா என்று கேள். மாத்திரையை அவர் எழுதித் தரட்டும். நீ குறட்டை விடுவதையும் சொல், தூக்கத்தில் மூச்சுத் தடைப்பட்டாலும் ஹீமாடோகிரிட் ஏறும்.

சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கத்தை விடு, அது இரும்பைச் சேரவிடாது. பொங்கலுக்கு வா, கல்மண்டபத்தில் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வாங்கி வைக்கிறேன், அம்மா மிளகு போட்டு வறுத்துத் தருவாள். அதுக்கு முன்னாடி டாக்டரைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு போன் போடு.

அப்பா
பழைய வண்ணாரப்பேட்டை