15 கேஜ் ஃபினிஷ் நெய்லர்: பெட்டியில் ஆணியின் கோணம் எத்தனை டிகிரி என்று போடாததால் வந்த நஷ்டம்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். உங்கள் 15 கேஜ் காற்றழுத்த ஃபினிஷ் நெய்லரை (அழுத்தக் காற்றால் ஆணி அடிக்கும் கன்) வாங்கி ஆறு வாரம் ஆகிறது. அது ஒழுங்காக வேலை செய்தது ஒரே ஒரு மதியம்தான். உங்கள் உதவி எண்ணில் மூன்று தடவை பேசிவிட்டேன், மூன்று பேரும் மூன்று காரணம் சொன்னார்கள், கடைசியில் வாரண்டி பொருந்தாது என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருந்தாலும் முழுவதும் படியுங்கள்.

நான் யோசிக்காமல் வாங்கவில்லை. வீட்டில் நான்கு கதவுகளுக்கு நிலையைச் சுற்றிச் சட்டம், மூன்று அறைகளுக்குச் சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பலகை, அப்புறம் ஒரு புத்தக அலமாரி, இவ்வளவு வேலை கையில் இருந்தது. சுத்தியலால் அடித்தால் ஓரத்தில் மரம் பிளக்கிறது, ஒரு கையால் சட்டத்தைப் பிடித்து மறு கையால் அடிப்பதற்குள் அளவெடுத்து வைத்த இடத்திலிருந்து அது நகர்ந்துவிடுகிறது. சரி, நெய்லர் வாங்கலாம் என்று முடிவெடுத்து எந்த வகை என்று பார்க்கவே பல நாள் செலவழித்தேன். 23 கேஜ் பின் ஆணிக்குப் பெரும்பாலும் தலையே கிடையாது, பசை காயும் வரை பிடித்து வைக்கத்தான் அது உதவும். 18 கேஜ் பிராட் ஆணி சுமார் 1.2 மி.மீ. தடிமன், மெல்லிய பீடிங்குக்கு அருமையானது, துளையும் அவ்வளவாகத் தெரியாது, ஆனால் தினமும் அதிர்கிற கதவுச் சட்டத்தை அதை நம்பி விட எனக்கு மனம் வரவில்லை. (கேஜ் எண் கூடக் கூட ஆணி மெலிதாகும் என்பது புதிதாக வாங்குகிறவர்களைக் குழப்பும். உங்கள் பெட்டியில் அதைப் படம் போட்டு விளக்கியிருக்கிறீர்கள், நல்ல காரியம்.) மிஞ்சியது 16, 15 இரண்டும்தான். 16 கேஜ் கன்களில் மேகசின், அதாவது ஆணிகளைப் போட்டு வைக்கும் பகுதி, பெரும்பாலும் நேராக இருக்கும். 15 கேஜில் அது சாய்ந்திருப்பதால் மூலை இடுக்குகளில் மூக்கை நுழைத்து அடிக்கலாம், ஆணியும் தடிமன். அதனால் 15 என்று முடிவு செய்தேன்.

பேட்டரி வகையையும் பார்த்தேன். குழாய் இழுக்க வேண்டாம் என்பது வசதிதான், ஆனால் எடை அதிகம். காற்றில் ஓடுவது கைக்கு லேசாக இருக்கும், கதவின் மேல் சட்டத்துக்குத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கும்போது அந்த வித்தியாசம் தோளில் தெரியும். கம்ப்ரசர் ஏற்கெனவே வைத்திருக்கிறேன். விட்டு விட்டு அடிக்கும் இந்த வேலைக்குச் சின்ன டேங்க்கே போதும்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். ஆணிகள் வரிசையாக ஒட்டிய பட்டைகளாக வருகின்றன, 15 கேஜில் அந்தப் பட்டைகள் எல்லாம் ஒரே சாய்வு இல்லை. டிஏ என்கிற வகை 34 டிகிரி, எஃப்என் என்கிற வகை 25 டிகிரி. இரண்டுமே 15 கேஜ் என்றுதான் விற்கிறார்கள், பார்வைக்கும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் ஒன்றுக்கான கன்னில் மற்றதைப் போடக் கூடாது. உங்கள் கன் 25 டிகிரி. இதை எங்கே எழுதியிருக்கிறீர்கள் தெரியுமா? கையேட்டின் கடைசிப் பக்கத்தில், உதிரிபாக அட்டவணைக்குக் கீழே, பொடி எழுத்தில். பெட்டியின் ஆறு பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டேன், அங்கே இல்லை. உங்கள் இணையப் பக்கத்திலும் 'கோண ஆணிகள்' என்று மட்டும்தான் இருக்கிறது. ஆணி போடும் முறையை விளக்கும் பக்கத்தை வரி விடாமல் படித்துத்தான் போட்டேன், அங்கேயும் '15 கேஜ் கோண ஆணிகள்' என்பதோடு நிறுத்திவிட்டீர்கள்.

பெட்டியோடு கொடுத்த மாதிரி ஆணிகள் தீரும் வரை எல்லாம் சரியாக இருந்தது. இரண்டு கதவுகள் முடித்தேன், ஆணித் தலை மரத்துக்குள் ஒரு மில்லிமீட்டர் இறங்கி, மேலே பட்டி வைத்துத் தேய்த்ததும் தடமே இல்லை. ஆழம் சரிசெய்யும் சக்கரமும் மூக்கின் ரப்பர் முனையும் நன்றாக இருக்கின்றன, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மறுநாள் நான் வாங்கிய இரண்டரை அங்குல ஆணிகளைப் போட்டேன், அவை 34 டிகிரி. மேகசினுக்குள் போனதால் சரியான ஆணி என்றே நினைத்தேன். இரண்டாவது அடியில் சிக்கியது. குழாயைக் கழற்றி, மூக்கைத் திறந்து, வளைந்த ஆணியை எடுத்துவிட்டு மறுபடி அடித்தால் மறுபடியும் சிக்கியது.

உங்கள் உதவி எண்ணில் முதலில் பேசியவர் அழுத்தத்தைக் கூட்டச் சொன்னார். 90 பிஎஸ்ஐயிலிருந்து 110க்கு ஏற்றினேன், ஆணி பாதியில் மடங்கிச் சட்டத்தின் முகத்தைக் கிழித்தது. இரண்டாமவர் எண்ணெய் போதவில்லை என்றார். காற்று நுழையும் வாயில் நான் தினமும் சில சொட்டு விட்டுக்கொண்டுதான் இருந்தேன், அவர் சொன்னதற்காக இன்னும் விட்டதும் காற்று வெளியேறும் எக்ஸாஸ்ட் வழியாக எண்ணெய் தெறித்து மரத்தில் கறை படிந்தது. அதற்குள் ஆணியைத் தள்ளும் டிரைவர் பிளேடின் நுனியும் சிதைந்துவிட்டது. மூன்றாமவர்தான் ஆணியின் படத்தைக் கேட்டார். பார்த்தவுடன் "தவறான ஆணி, வாரண்டி இல்லை" என்றுவிட்டார். முதல் அழைப்பிலேயே 'எத்தனை டிகிரி ஆணி போட்டீர்கள்' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் பிளேடும் பிழைத்திருக்கும், சட்டமும் பிழைத்திருக்கும்.

தவறான ஆணி என்பதை நான் மறுக்கவில்லை. எது சரியான ஆணி என்று வாங்கும்போது தெரிந்துகொள்ள நீங்கள் வழி வைக்கவில்லை என்பதுதான் என் புகார்.

இன்னொன்றும் உண்டு. ட்ரிகர் பற்றிப் பெட்டியில் ஒரு வார்த்தை இல்லை. விரலை எடுக்காமல் மூக்கை அழுத்தும்போதெல்லாம் அடிக்கிற வகை பொருத்தி அனுப்பியிருக்கிறீர்கள். நுணுக்க வேலைக்கு, மூக்கை மரத்தில் அழுத்திவிட்டு ஒவ்வோர் ஆணிக்கும் தனியாக ட்ரிகரை இழுக்கும் வகைதான் வேண்டும். முதல் நாள் கன் எகிறிப் பட்டதில் ஒரே இடத்தில் இரண்டு ஆணி இறங்கியது, இரண்டாவது என் இடது கைக்கு மூன்று விரல் தூரத்தில். இதை வீட்டு வேலைக்கு என்று விற்கிறீர்கள், எப்படி அடிக்கும் என்பதையாவது தெளிவாக எழுத வேண்டாமா?

நான் கேட்பது இவை. கன்னைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணம் தாருங்கள், அல்லது பிளேடை இலவசமாக மாற்றி, ஒவ்வோர் ஆணிக்கும் தனியாக இழுக்கும் ட்ரிகரைச் சேர்த்து அனுப்புங்கள். பிரித்துவிட்டதால் திருப்பிக் கொடுக்க முடியாத அந்த ஆணிப் பெட்டிக்குப் பதிலாக 25 டிகிரி ஆணிப் பெட்டி ஒன்று தாருங்கள். பெட்டியின் முன்பக்கத்தில், 15 கேஜ் என்று போட்டிருக்கும் அதே அளவு எழுத்தில், '25 டிகிரி எஃப்என் ஆணி மட்டும்' என்று அச்சிடுங்கள். இணையப் பக்கத்தை இன்றைக்கே திருத்தலாம், அதற்கு அச்சகம் தேவையில்லை.

பில், சிதைந்த பிளேடு, இரண்டு வகை ஆணிப் பட்டைகள், கிழிந்த சட்டம் எல்லாவற்றின் படங்களையும் இணைத்திருக்கிறேன். பத்து நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும், தொலைபேசியில் வேண்டாம். இன்னும் இரண்டு கதவுகள் சட்டமில்லாமல் நிற்கின்றன.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்