கடவுள் வாதம் தமிழ் மேடையிலும் நடக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கடவுள் உண்டா இல்லையா என்று பொது மேடையில் வாதிட்டால் மனக்கசப்புதான் மிஞ்சும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பங்குனி உத்திரத்துக்குச் சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்திலுள்ள புனிதமரம் பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் பால்குடம் எடுப்பவள் நான். ஆனாலும் அவர் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

1929 இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். சில ஆண்டுகளில் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் எழுந்தது, தீமிதியை எதிர்த்தது. அதில் முன்னின்ற கோ. சாரங்கபாணி 1935ல் தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கினார். எல்லாச் சமயத் தமிழரும் சேர்ந்து கொண்டாடத் தமிழர் திருநாளை 1952ல் ஏற்படுத்தியவரும் அவரே. தீமிதியும் மாரியம்மன் கோயிலில் இன்றுவரை நடக்கிறது. கேள்வி கேட்டதால் யார் உடைந்துபோனோம்? சமய நல்லிணக்கச் சட்டம் முக்கியமாகத் தடுப்பதும் பகை மூட்டுவதைத்தான்.

நான் பல ஆண்டுகள் குழந்தைகள் வார்டில் தாதியாக இருந்தவள். இரத்தப் புற்றுநோய்க்குப் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், "போன பிறவி வினைம்மா" என்று உறவினர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆறுதலாகத்தான் சொன்னார்கள். அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தவர்கள் அதை ஆறுதல் என்று சொல்ல மாட்டார்கள். நாலு வயசுப் பிள்ளை அப்படி என்ன செய்திருக்கும்? அன்பும் ஆற்றலும் உள்ள கடவுள் இதை ஏன் விட்டார் என்று நாத்திகர் கேட்பது குதர்க்கமல்ல. தினம் விளக்கேற்றும் எனக்குள்ளும் அந்தக் கேள்வி உண்டு. சைவ சித்தாந்தம் படித்தவர்கள் வினையைப் பற்றி விரிவாகச் சொல்ல முடியும் என்று நம்புகிறேன். அவர்கள் மேடைக்கு வந்து, குறுக்குக் கேள்விக்கு நின்று சொல்லட்டும்.

என் கணவர் பகுத்தறிவாளர். அவர் தரப்பினரும் கல்லுக்குப் பால் ஊற்றுவதைக் கேலி செய்துவிட்டு வாதம் முடிந்தது என்று போய்விடக் கூடாது. கண்ணால் காண்பதே உண்மை என்ற பூதவாதியிடம், உன் தாய் தந்தையை அனுமானத்தால் அன்றி எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை கேட்டாள். மரபணுச் சோதனை இருக்கிறதே என்று என் கணவர் பதில் சொல்வார். சரி, சொல்லட்டும். அந்தச் சோதனையும் அனுமானம்தானே என்று நான் கேட்பேன்.

எந்தச் சமயமும் இல்லை என்றோர் 2010 கணக்கெடுப்பில் 17 விழுக்காடு, 2020ல் 20 விழுக்காடு. நம் வீட்டுப் பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். தொடக்கக் கல்லூரியில் படிக்கும் என் பேத்தி தோழிகளோடு இதை ஆங்கிலத்தில் மணிக்கணக்கில் பேசுகிறாள். வீட்டில் தமிழில் கேட்டால், "பெரியவங்ககிட்ட இப்படியா பேசுறது?" என்று வாயை அடைக்கிறோம். அப்புறம் அவள் எதற்குத் தமிழில் பேசப் போகிறாள்?

ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடக்கும்போது ஏதாவது ஒரு சமூக மன்றத்தில் இந்த வாதத்தை வைக்கலாம். பட்டிமன்றமாக வேண்டாம், நடுவர் தீர்ப்புச் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. பேசுபவர் முதலில் எதிர்த்தரப்பின் வாதத்தை, "ஆமாம், நாங்கள் சொல்வது இதுதான்" என்று அவர்களே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்ல வேண்டும். பாதி நேரத்தை இளையர்களின் கேள்விகளுக்கு விட வேண்டும். முஸ்லிம், கிறிஸ்துவத் தமிழர்களையும் பேச அழைக்க வேண்டும். இது கோயிலுக்குப் போகிறவர்களின் வழக்கு மட்டும் அல்ல.

ஓய்வுபெற்ற தாதி,
ஈசூன்