இரண்டு பெட்டி, ஒரு மளிகைக் கடை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பொம்மை வீட்டு கிட் இரண்டும் ஒரே மாதிரி, பன்னிரண்டில் ஒன்று அளவு, 6 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை. இரண்டையும் சேர்த்து ஒரே மளிகைக் கடையாக்குவது நடக்கிற காரியம்தான். பசை டப்பாவை மட்டும் இப்போதைக்குத் திறக்காதே.

உன்னிடமுள்ள மூன்றாவது கிட் பெட்டி வேறு ரகம், இருபத்து நான்கில் ஒன்று அளவு. நிஜத்தில் 3 அடி உயரமுள்ள கல்லா மேசை உன் கடையில் 3 அங்குலம் இருக்கும். அந்தப் பெட்டியில் ஒன்றரை அங்குலம்தான். பக்கத்தில் வைத்தால் குழந்தைக்குச் செய்தது போலத் தெரியும். தூக்கிப் போடாதே. அதன் மேசை, மேல் தட்டுக்கு எட்ட ஏறி நிற்கும் ஸ்டூலாகும். புத்தகங்கள் கல்லாப் பக்கத்துக் கணக்குச் சிட்டைகளாகும்.

முதல் வேலை கீல். இரண்டு கிட்டிலும் முன்பக்கப் பலகை இடப்பக்கக் கீலில் திறக்கிறது. அப்படியே ஒட்டி வைத்தால் வலது கடையின் முன்பலகை இடது கடைமேல் மடிந்து விழும். இரண்டையும் ஒரே நேரத்தில் முழுதாகத் திறக்க முடியாது. வலது கிட்டின் கீலைக் கழற்றி வலது ஓரத்துக்கு மாற்று. அப்போது பீரோ கதவு மாதிரி இரண்டும் விரியும். பழைய திருகு ஓட்டைகளில் தீக்குச்சியைப் பசை தடவிச் செருகி, காய்ந்ததும் மட்டமாக நறுக்கிவிடு.

நடுவில் வரும் இரண்டு சுவரும் சேர்ந்தால் 12 மில்லிமீட்டர். நிஜ அளவில் 144. நல்ல செங்கல் சுவரின் தடிமன், அதனால் உறுத்தாது. ஆனால் சுவரை முழுதாக எடுத்துவிடலாம் என்று ஆசைப்படாதே. மாடித் தளம் அந்தச் சுவரின் காடியில்தான், பலகை செருகும் பள்ளத்தில்தான், உட்கார்ந்திருக்கிறது. சுவர் போனால் தளம் நடுவில் தொய்யும். தளத்துக்குக் கீழே 4 சென்டிமீட்டர், முன்னும் பின்னும் 3 சென்டிமீட்டர் விட்டுவிட்டு வாசல் மட்டும் வெட்டு. இரண்டு சுவரையும் கிளாம்ப் போட்டு ஒன்றாகப் பிடித்து ஒரே தடவையில் அறுத்தால்தான் வாசல் நேராக ஒத்துப்போகும். மேல் மூலைகளில் 10 மில்லிமீட்டர் துளை போட்டு, அதிலிருந்து ரம்பத்தைத் திருப்பு. எம்டிஎஃப் தூள் நெஞ்சுக்கு ஆகாது; வெளியே வைத்து, முகக்கவசம் கட்டிக்கொண்டு அறு.

இரண்டு பெட்டியையும் பசை போட்டுச் சேர்க்காதே. வீடு மாற்றும்போது அவ்வளவு அகலத்தைத் தூக்க ஆள் வேண்டும். நான்கு எம்4 (4 மில்லிமீட்டர் தடிமன்) போல்ட் போதும்; தலைகள் அலமாரிக்குப் பின்னால் மறையும். தரைக் காகிதத்தையும் பெட்டிக்கு ஒன்றாக வெட்டி, நடுவில் ஒரு மெல்லிய மரச் சட்டத்தை ஒரு பக்கம் மட்டும் ஒட்டி வை. இரண்டாவது படிக்கட்டு வேண்டாம். அதற்காக மாடித் தளத்தில் இருக்கும் ஓட்டையை வாசலில் வெட்டி எடுத்த துண்டாலேயே மூடு, அடியில் இரண்டு சிறு சட்டம் கொடு.

பெயிண்டில்தான் நிறையப் பேர் கோட்டை விடுவார்கள். காடிக்குள் பெயிண்ட் போனால் பலகை நுழையாது. முன்பலகையின் வெளிப்புறத்துக்கு மட்டும் அடித்தால், ஒரு பக்கம் ஈரம் குடித்து இன்னொரு பக்கம் குடிக்காமல் வளைந்துவிடும். பிறகு கதவு மூடாது. இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் பூச்சு கொடு. வெட்டிய ஓரங்கள் பெயிண்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். முதலில் சாண்டிங் சீலர் (உறிஞ்சாமல் அடைக்கும் பூச்சு) பூசி, 240 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடு.

சுவர்க் காகிதம் ஒட்டுவதற்கு முன்பே விளக்குக் கம்பியைப் பதித்துவிடு. யூஎஸ்பி 5 வோல்ட் எடுத்துக்கொள். மஞ்சள் கலந்த வெள்ளை எல்இடி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 100 ஓம் ரெசிஸ்டர் (மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் சிறு பாகம்) போடு. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றே போட்டால் மின்னோட்டம் சமமாகப் பிரியாது. ஒன்று பளிச்சென்றும் மற்றது மங்கலாகவும் எரியும். கடைக்கு ஆறு விளக்கு தாராளம். ரெசிஸ்டர்களைப் பின்சுவருக்கு வெளியே வை, பழுது பார்க்கச் சுவரைக் கிழிக்க வேண்டியிருக்காது.

கண்ணாடிக்குப் பதில் வரும் அக்ரிலிக்கின் பக்கம் சூப்பர் குளூ போகவே கூடாது. அதன் ஆவி பட்டு வெள்ளைப் படலம் பூத்துவிடும், துடைத்தாலும் போகாது. ஓரத்தில் ஊசி முனையால் வெள்ளைப் பசைப் புள்ளி வைத்தால் போதும். ஸ்பிரிட்டால் துடைக்காதே, கீறல் கீறலாக வெடிக்கும். சோப்புத் தண்ணீர்தான்.

இனி சரக்கு. 6 மில்லிமீட்டர் உருட்டுக் குச்சியை 9 மில்லிமீட்டர் நீளத்துக்கு நறுக்கினால் சாதாரண டின் அளவு வந்துவிடும். சுற்றளவு 19, ஓரம் ஒன்றன்மேல் ஒன்று ஏற 2. ஆக லேபிள் 21-க்கு 9. இங்க்ஜெட்டில் அச்சடித்தால் பசை ஈரத்தில் மை கலையும், லேசர் அச்சு எடு. மூட்டைக்குள் நிஜ அரிசியைக் கொட்டிவிடாதே: 6 மில்லிமீட்டர் அரிசி உன் கடை ஆளுக்கு முழங்கை நீளமில்லாவிட்டாலும் கைவிரல் நீளம் இருக்கும். ரவைதான் அங்கே அரிசி. கசகசா கொண்டைக்கடலை. கடுகு பெரிய நெல்லிக்காய் அளவுக்குப் போய்விடும், அதைப் பழக்கூடையில் வை. மூட்டை முழுதும் கொட்டாமல், உள்ளே பஞ்சு அடைத்து மேலே ஒரு அடுக்கு மட்டும் பசையில் ஒட்டி, மேட் வார்னிஷ் பூசு. பூசாவிட்டால் வண்டு வரும்.

கல்லாவில் கொலுச் செட்டியாரை உட்கார வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். தாராளமாக வை, ஆனால் முதலில் அளந்து பார். ஐந்தரை அடி ஆள் நின்றால் உன் கடையில் ஐந்தரை அங்குலம்; சம்மணமிட்டு உட்கார்ந்தால் ஏறக்குறைய மூன்று. கொலுப் பொம்மைகள் இந்தக் கணக்குக்குச் செய்தவை அல்ல. உட்கார்ந்தே ஐந்து அங்குலம் இருந்தால், கடை அவருக்கு மடியில் வைத்த டிபன் டப்பா மாதிரி ஆகிவிடும்.

இரண்டு பெட்டியையும் பசையில்லாமல் மாஸ்கிங் டேப் ஒட்டி நிறுத்தி, மூலைக்கு மூலை குறுக்காக அளந்து எழுதி அனுப்பு. முன்னும் பின்னும் வேண்டும், ஆக எட்டு அளவு. ஒரே முகத்தின் இரண்டு குறுக்களவுக்குள் 2 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தாலும் முன்பலகை உரசும். அதைப் பார்த்த பிறகு எந்தப் பலகையை முதலில் ஒட்டலாம் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா