பைக்கை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடு

அன்புள்ள தம்பிக்கு,

நீ பைக் வாங்கிவிட்டாய் என்று அம்மா போனில் சொன்னதும் சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது, அதனால்தான் வாட்ஸ்அப்பில் நாலு வரி போடாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். கூட்டாளிகள் பழக்கினார்கள், மிச்சத்தை யூடியூபில் பார்த்தேன் என்றாயாம். நானும் இந்த வருஷம் டொரொண்டோவில் பைக் பழகினேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

இங்கே எம்1 என்கிற முதல் லைசன்ஸ் 90 நாள்தான் செல்லும். அதை வைத்து இருட்டில் ஓட்டக்கூடாது, பின்னால் ஆள் ஏற்றக்கூடாது. நான் சேர்ந்த பயிற்சி இடத்தில் பாடத்தை ஒன்லைனிலும் படிக்கலாம், வகுப்பிலும் போய் இருக்கலாம். எனக்கு இரவு வேலை, ஒன்லைனை எடுத்தேன். குறை சொல்ல மாட்டேன். வீதிச் சட்டம், ஹெல்மட்டை எப்படி இறுக்குவது, டயர், செயின், லைட் பார்ப்பது எல்லாம் நன்றாக விளங்கியது, விளங்காததைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கடைசிக் கேள்விகள் எல்லாமே சரி.

அப்புறம் சனிக்கிழமை காலை வெறும் பார்க்கிங்கில் ஒரு சின்ன பைக்கில் ஏற்றினார்கள். கூம்புகளுக்கு நடுவே வளைந்து போக வேண்டும். போகிற பக்கம் பார் என்பது எனக்கு மனப்பாடம், ஆனால் கண் கூம்பிலேயே நின்றது, பைக்கும் நேரே போய் அதில் முட்டியது. பிரேக் பிடிக்கும்போது ஆசிரியர் எதிரே நின்று விரல்களைக் காட்டுவார், பைக் நின்றதும் எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். எனக்குத் தெரியவில்லை. நான் குனிந்து கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் குனிகிறேன் என்று எந்த வீடியோவால் சொல்ல முடியும்?

வகுப்பில் படித்தவர்கள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு விஷயம் சொன்னார்கள். சரளைக்கல்லில் வழுக்கி விழுந்த ஒருவர் அங்கே இருந்தாராம், அவர் விழுந்ததைப் பலகையில் வரைந்து அரை மணி நேரம் பேசினார்களாம். அந்த அரை மணி நேரம் எனக்குக் கிடைக்கவில்லையே என்று இருந்தது. அதனால் ஆசிரியரை விடாமல் கேட்டேன். எங்கள் ஊரில் பெற்றோல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடுவார்களே என்றேன். அவர் தலையில் கைவைத்தார். கியரில் இருந்தால்தான் இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கும், இல்லாவிட்டால் முழுப் பாரமும் பிரேக்கில் விழுந்து அது சூடேறிவிடும் என்றார். முன் பிரேக்குக்குப் பயப்படாதே, பிடிக்கும்போது பாரம் முன்னால் வருவதால் நிறுத்துகிற பலம் அங்கேதான் அதிகம், ஆனால் ஈரத்தில் வெடுக்கென்று பிடிக்காமல் மெல்ல இறுக்கு என்றும் சொன்னார். நம் மலைப்பாதையில் றம்பொடை முடக்குகளும் பனிமூட்டமும்தான் என் கண்ணுக்குள் வந்தது.

1981இல் ஹரி ஹர்ட் என்பவர் வெளியிட்ட ஆய்வில் லொஸ் ஏஞ்சலிஸ் பக்கம் 900 மோட்டார்சைக்கிள் விபத்துகளைப் பார்த்திருக்கிறார்கள். அதில் ஓட்டியவர்களில் 92 சதவீதம் பேர் தாமாகவோ, வீட்டாரிடமோ கூட்டாளிகளிடமோ பழகியவர்கள். உன்னைப் போலவே, தம்பி.

வீடியோ பார், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஹட்டனில் பழக்குகிறவர் ஒருவரிடம் நாலு நாள் போ, காசு நான் அனுப்புகிறேன். அதுவரை லயத்துக்குக் கீழே மைதானத்தில் மட்டும் ஓட்டு. பார்சலில் கையுறை ஒரு ஜோடி வைத்திருக்கிறேன், போட்டுப் பார்த்து அளவு சரியா என்று சொல்.

அன்புடன்,
அக்கா