புறவாசலுக்கு ஒரு கேமரா

அம்பாசமுத்திரம்
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள கமலா,

அம்மா வீட்டில் கேமரா வைப்பது பற்றி நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் மூன்றையும் கேட்டேன். ஒவ்வொன்றும் நாலு நிமிஷம். அப்படிப் பேசிப் பதில் அனுப்ப எனக்கு வராது. முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிய கை, எழுதினால்தான் யோசனையே ஓடும். அதனால் கடிதம். அவசரமில்லாமல் படி.

முதலில் ஊர்ச் செய்தி. சாரல் ஆரம்பித்துவிட்டது. ஆற்றுப் பாலத்தில் போனால் முகத்தில் ஊசி ஊசியாய்ப் படுகிறது. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. பேரன் ஏழாம் வாய்ப்பாட்டில் வந்து நிற்கிறான். ஏட்டி, நீயும் அங்கேதான் நின்றாய், ஞாபகம் இருக்கா?

நேற்று கல்லிடைக்குறிச்சிக்குப் போய் உங்கம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். நன்றாக இருக்கிறார்கள். முன்பக்கத் தார்சாவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நீ சொன்னதைச் சொன்னேன். பட்டாசல் கூடத்தில் ஒரு கேமரா, பெங்களூரிலிருந்து நீ எந்நேரமும் பார்த்துக்கொள்ளலாம் என்று. கீரைத் தண்டைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்கள்: "அவ பாக்காளா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குப் பதில் வரவில்லை. ஒழுங்கான கேள்விதானே. நீ பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அந்தக் கண்ணாடி உருண்டை ஒரே மாதிரிதான் இருக்கும். சேலையைத் தளர்த்திக்கொண்டு ஃபேனுக்கு அடியில் தரையில் படுப்பவர்கள் அவர்கள். இனி அதற்கும் யோசிக்க வேண்டுமா? என் மாமியாருக்கும் இதையே செய்து பார்த்தோம். இரண்டாம் நாளே கேமரா மேல் ஈரத்துண்டு காய்ந்துகொண்டிருந்தது. நாங்களும் எடுக்கவில்லை. அவர்களும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆகவே பட்டாசல் யோசனையை விட்டுவிடு. வாசலுக்கு ஒன்று, புறவாசலுக்கு ஒன்று போதும். வருகிறவர்களைப் பார்க்கட்டும், இருக்கிறவர்களைப் பார்க்க வேண்டாம்.

இந்த யோசனை எனக்குத் தோன்றியது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். 1966லேயே நியூயார்க்கில் குவீன்ஸ் பக்கம் மேரி வான் பிரிட்டன் பிரௌன் என்று ஒரு நர்ஸுக்குத் தோன்றியிருக்கிறது. அவரும் கணவரும் நேரங்கெட்ட நேரத்தில் வேலைக்குப் போய் வருகிறவர்கள். தனியாக இருக்கும்போது கதவைத் தட்டுவது யார் என்று தெரிய, கதவில் வெவ்வேறு உயரத்தில் ஓட்டைகள் வைத்து, அவற்றின் பின்னால் மேலும் கீழும் நகர்கிற கேமரா ஒன்றை வைத்து, படத்தை உள்ளே டிவி பெட்டியில் பார்க்கிற மாதிரி ஏற்பாடு. 1969ல் பேட்டன்ட் கிடைத்தது. அந்தக் கேமரா பார்த்தது கதவுக்கு வெளியே. உள்ளே உட்கார்ந்து பார்த்தது அந்த அம்மா.

சரி, எதை வாங்குவது என்று கேட்டாய். என் இரண்டு முட்டாள்தனங்களையும் சொல்லிவிடுகிறேன், உனக்குக் காசு மிச்சம்.

முதல் கேமரா ஆன்லைன் தள்ளுபடியில் வந்தது. ஆயிரத்துச் சொச்சம். கம்பெனி பேர் வேண்டாம், பேருக்குப் பின்னால் ஆளே இருந்தார்களோ என்னவோ. எட்டு மாசம் ஓடியது. ஒருநாள் ஆப் திறக்கவில்லை. அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றலாம் என்று பார்த்தால் பிளே ஸ்டோரில் அந்த ஆப்பே இல்லை. கேமராவில் சிவப்பு விளக்கு எரிகிறது, தலையைத் திருப்புகிறது, பார்க்க வழியில்லை. இப்போது பேரன் அதை ரோபோ என்று வைத்து விளையாடுகிறான். அதற்குப் பிறகுதான் ஆப்பும் சர்வரும் நீடிக்கிற கம்பெனியா என்று பார்க்க வேண்டும் என்று உறைத்தது. ஆர்டிஎஸ்பி அல்லது ஆன்விஃப் என்று பெட்டியில் போட்டிருந்தால் இன்னும் நல்லது. நாளைக்கு அந்தக் கம்பெனி ஆப் போனாலும் வேறு மென்பொருளில் படத்தைப் பார்க்கலாம்.

இரண்டாவது கொஞ்சம் நல்ல கம்பெனி. அதை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில், உயரத்தில், புறவாசல் முழுக்கத் தெரிகிற மாதிரி மாட்டினேன். முதல் வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு போன் டிங் என்றது. 'அசைவு கண்டறியப்பட்டது.' நெஞ்சு அடித்துக்கொள்ளத் திறந்து பார்த்தால் திரை முழுக்க வெளுத்த வயிறு, விரித்த விரல்கள், முதலை மாதிரி ஒரு பல்லி. கேமரா வெதுவெதுப்புக்கு வந்து லென்ஸ் மேலேயே படுத்திருந்தது. மறுநாள் சிலந்தி வலை. இருட்டில் பார்க்கக் கேமரா விடுகிற அகச்சிவப்பு வெளிச்சத்தில் ஒற்றை இழை தேர்வடம் மாதிரி வெள்ளையாய்த் தெரிந்தது, காற்றில் ஆடும்போதெல்லாம் ஒரு டிங். பொறுக்காமல் அறிவிப்பையே அணைத்துவிட்டுத் தூங்கினேன். நாலாம் நாள் கிணற்றடியில் கவிழ்த்திருந்த என் அம்மாவின் பித்தளை அண்டாவைக் காணோம்.

ரெக்கார்டிங்கில் இருந்தது. துண்டைத் தலையில் போட்ட ஓர் ஆள் வருகிறான், அண்டாவைத் தூக்குகிறான், போகிறான். ஸ்டேஷனில் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆள் தெரியுது, யாருன்னு தெரியலையே டீச்சர்" என்றார்கள்.

ஏன் தெரியவில்லை என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். என் புத்தி அப்படி. 2 மெகாபிக்சல் கேமராவின் படம் குறுக்கே 1920 புள்ளி. லென்ஸ் ஏறக்குறைய 100 டிகிரி விரிகிறது என்று வை. 5 மீட்டர் தள்ளி 12 மீட்டர் அகலம் அதில் அடங்கும். மனுஷ முகம் குறுக்கே 16 சென்டிமீட்டர். ஆக ஒரு முகத்துக்குக் கிடைப்பது 25 புள்ளி. உன் ரேஷன் கார்டு போட்டோவே இதைவிடத் தேவலை. அதே கேமராவை 2 மீட்டரில் வைத்தால் முகத்துக்கு 64 புள்ளி வரும். கடைக்காரர் 3 மெகாபிக்சல், 5 மெகாபிக்சல் என்று ஏற்றிக்கொண்டே போவார். நீ மூன்று மீட்டருக்குள் கிட்டத்தில் மாட்டு, அதற்கே பாதி வேலை முடிந்தது. உங்கள் வீட்டில் புறவாசல் கதவு நிலைக்கு மேல், கைக்கு எட்டாத அளவு உயரத்தில் வைத்தால் போதும். ஆளுக்குத் தலைப்பாகை தெரியாமல் முகம் தெரிய வேண்டும். கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே வைக்காதே, ராத்திரியில் அகச்சிவப்பு கண்ணாடியில் பட்டுத் திரும்பி வெள்ளைத் திரைதான் தெரியும். அறிவிப்பில் 'மனிதர்கள் மட்டும்' என்று ஒரு வசதி உண்டு, அதைப் போட்டுவிடு. வாரம் ஒருநாள் ஒட்டடைக் கம்பில் துணி சுற்றித் துடைக்க அம்மா வீட்டுக்கு வருகிற பொண்ணிடம் சொல்லியாயிற்று.

அடுத்து வைஃபை. வயர்லெஸ் என்றால் வயரே இல்லை என்று நினைத்துவிட்டாய் போல. படம்தான் காற்றில் போகும். கரண்டுக்கு வயர் வேண்டும், அதற்கு பிளக் பாயின்ட் வேண்டும். பேட்டரி, சோலார் என்று வருவதும் இருக்கிறது. அதெல்லாம் விலையும் கூட, பேட்டரியை மிச்சம்பிடிக்கத் தூங்கிக்கொண்டிருந்து அசைவு வந்த பிறகு எழுந்திருக்கும், அதற்குள் ஆள் பாதி தூரம் வந்திருப்பான். சாரல் மாசத்தில் சோலாரை நம்பவே மாட்டேன்.

உங்கள் வீடோ ரயில் பெட்டி மாதிரி. தார்சா, பட்டாசல், இரண்டாம் கட்டு, அடுக்களை, அப்புறம் முற்றம், அப்புறம்தான் புறவாசல். நீ வீடியோ காலுக்காகப் போட்டுக் கொடுத்த ரவுட்டர் தார்சாவில் இருக்கிறது. நடுவில் ஒன்றரை அடிச் சுவர் நாலு. நான் போனை எடுத்துக்கொண்டு நடந்து பார்த்தேன். அடுக்களை தாண்டியதும் ஒரு கோடு, புறவாசலில் அதுவும் இல்லை. இதைப் பார்க்காமல் கேமரா வாங்கியிருந்தால் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். ரவுட்டரை இரண்டாம் கட்டுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். நீள வயர் ஒன்று போதும். இன்னொன்று: இந்த விலைக் கேமராக்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும்தான் சேரும். உங்கள் ரவுட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பேரில் காட்டுகிறது. முதல் தடவை இணைக்கும்போது மல்லுக்கட்டினால் இரண்டுக்கும் தனித்தனிப் பேர் வைக்க வேண்டும். சுவரைத் தாண்டுவதற்கும் 2.4தான் நல்லது.

மாசம் ஒருநாள் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்துவார்களே, அன்றைக்குக் கேமராவும் ரவுட்டரும் சேர்ந்தே தூங்கும். ரவுட்டருக்கு என்றே சின்ன யுபிஎஸ் விற்கிறது. கேமராவின் அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று பார்த்து அதற்கும் ஏதாவது செய்யலாம். உங்கள் வீட்டு இன்வெர்ட்டரில் அந்த பிளக்கைச் சேர்த்துவிட்டால் தலைவலியே இல்லை.

பதிவுக்கு மாசச் சந்தா எதுவும் கட்டாதே. மெமரி கார்டு போடு. நொடிக்கு ஒன்றரை மெகாபிட் என்று ஓடினால் ஒரு நாளைக்கு 16 ஜிபி, 128 ஜிபி கார்டில் ஒரு வாரம் நிற்கும். நிறைந்தால் பழையதை அழித்துக்கொண்டு தானே எழுதும். ஹை என்டூரன்ஸ் என்று போட்ட கார்டு வாங்கு. சாதாரணக் கார்டு இரவு பகலாய் எழுதியெழுதியே சீக்கிரம் தேய்ந்துபோகும். திருடன் கேமராவையே கழற்றிக்கொண்டு போனால் கார்டும் போகுமே என்று கேட்பாய். அதற்காகத்தான் கைக்கு எட்டாத உயரம் என்றேன். அப்படியும் போனால், அறிவிப்போடு படமும் அனுப்புகிற கேமராவாக இருந்தால் அதுவாவது உன் போனில் இருக்கும்.

பேர் கேட்டாய். டாபோ, சிபி பிளஸ், க்யூபோ மூன்றும் கடைகளில் கிடைக்கிறது. வெளியில் மாட்டுவதற்கு ஐபி66 என்று, அதாவது தூசி தண்ணீர் தாங்கும் என்கிற குறி, இருக்க வேண்டும், சாரலுக்கு அதுதான் ஈடு கொடுக்கும். தலை திருப்புகிற கேமரா வேண்டாம், வேண்டாத பக்கம் திரும்பி நிற்கும்போதுதான் வேண்டிய ஆள் வருவான். இரண்டுக்கும் கார்டோடு சேர்த்து ஏழாயிரத்துக்குள் முடிக்கப் பார்க்கலாம். 2025 ஏப்ரலிலிருந்து நம் நாட்டில் சிசிடிவி கேமராக்களை அங்கீகரித்த ஆய்வுக்கூடத்தில் பாதுகாப்புச் சோதனை செய்துதான் விற்க வேண்டும் என்று மத்திய அரசு விதி இருக்கிறது. அதனால் பேர் தெரியாத பழைய சரக்கை யாராவது மலிவாய்த் தள்ளப் பார்த்தால் ஏமாறாதே. 2016ல் மிராய் என்று ஒரு வைரஸ், ஃபேக்டரி பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அவற்றைக் கொண்டே அமெரிக்காவில் பெரிய வெப்சைட்டுகளை மணிக்கணக்கில் முடக்கியது. கேமரா வந்ததும் முதல் வேலை பாஸ்வேர்டை மாற்றுவது. உன் பிறந்த தேதி வைக்காதே, நம் பேட்ச் முழுக்க அது தெரியும்.

வாசல் கேமரா பற்றி ஒன்று. எதிர்வீட்டுத் திண்ணை தெரியாத மாதிரிச் சாய்த்துத்தான் மாட்டுவோம். அந்தப் பகுதியை ஆப்பில் கறுப்பாய் மறைக்கவும் வசதி இருக்கும். அங்கே சாயங்காலம் பொம்பளைகள் உட்கார்ந்து பேசுகிற இடம். உங்கம்மாவும் அங்கேதான் போவார்கள். அதற்குள் கேமரா நீட்டினால் பேச்சே நின்றுபோகும்.

இதெல்லாம் சொன்ன பிறகு அம்மா சம்மதித்துவிட்டார்கள். சம்மதித்தார்கள் என்ன, ஆர்வமாகவே ஆகிவிட்டார்கள். காரணம் கேளு. வாசலில் நிற்கிற நந்தியாவட்டைப் பூவை விடியற்காலம் யாரோ வந்து மொட்டு மிச்சம் வைக்காமல் பறித்துப் போகிறார்களாம். யார் என்று தெரியுமாம். "தெரியும். ஆனா பறிக்கிறவளே கண்ணால பாக்கட்டும்" என்றார்கள். ஆகவே வாசல் கேமரா கேட்டைப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னேன், செடியைப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள். செடிதான் ஜெயித்தது. கேட்டும் ஓரத்தில் தெரியும், கவலைப்படாதே. படம் அம்மா போனிலும் வர வேண்டும், அது அவர்கள் போட்ட நிபந்தனை.

வியாழக்கிழமை எலக்ட்ரீஷியன் வருகிறான். இரண்டு பிளக் பாயின்ட், ரவுட்டர் வயர், எல்லாம் அன்றே முடித்துவிடுவான். நீ புதன்கிழமைக்குள் ஆர்டர் போடு, என் வீட்டு விலாசத்துக்கு. வைஃபை பாஸ்வேர்டை மறக்காமல் போனில் கூப்பிட்டுச் சொல்லு. வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், நாலு நிமிஷத்தில் அது எங்கே இருக்கிறது என்று தேட என்னால் முடியாது.

உன்
செல்வி